என்.டி.ஏ. ஆர்டர் வரும்வரை என்ன செய்வது? வாளையாறு எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு

பரீட்சை எழுதிவிட்டு, தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாறு தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் "ரிசல்ட் எப்போ?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என்.டி.ஏ. எனும் தேசிய ராணுவ அகாடமிக்கு எழுதியவர்கள் அந்தக் கேள்விக்குக் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்லப் பழக வேண்டும். 2024இல் முதல் தேர்வு ஏப்ரல் 21 அன்று நடந்தது. இறுதிப் பட்டியல் வந்தது அக்டோபர் கடைசி வாரம். பயிற்சி தொடங்கியது 2025 ஜனவரி 2. அதே ஆண்டின் இரண்டாம் தேர்வு செப்டம்பர் 1. பட்டியல் 2025 ஏப்ரல் 11, பயிற்சி ஜூலை 2. ஆக, பட்டியலுக்கே ஆறேழு மாதம். புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் அகாடமி வாசலில் பெட்டியோடு நிற்க எட்டு முதல் பத்து மாதம். இடையில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அது உங்களைப் புறக்கணிப்பதற்காக இல்லை. அந்த அமைப்பு இயங்குவதே அப்படித்தான்.

இந்தக் காலத்தை ஒரே நீளமான காத்திருப்பாக எண்ணுவதுதான் முதல் கோளாறு. எழுத்துத் தேர்வு முடிவுக்கு, எஸ்.எஸ்.பி. எனும் ராணுவ நேர்முகத் தேர்வின் தேதிக்கு, மெடிக்கல் முடிவுக்கு, கடைசியாக மெரிட் லிஸ்ட்டுக்கும் ஜாயினிங் லெட்டருக்கும் என்று இது நான்கு துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, தனிக் கெடு உண்டு. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறமையில் குறைவில்லை. வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் கல்லூரியில் மாட்டிக்கொண்ட மார்க் ஷீட்டாலும், கடந்துபோன 42 நாள் மேல்முறையீட்டுக் கெடுவாலும், மாற்றிவிட்ட செல்போன் எண்ணாலும்தான்.

எழுத்துத் தேர்வு முடிவு வரும்வரை

இது குறுகிய துண்டு, பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். கணக்குக்கு 300, பொதுத்திறனுக்கு 600 என மொத்தம் 900 மதிப்பெண். விடைக்குறிப்பை வைத்து மார்க் கூட்டிப் பார்ப்பதை ஒருமுறை செய்துவிட்டு மூடிவையுங்கள். பயிற்சி மையத்துக்கு மையம் விடை மாறும். பத்துமுறை கூட்டினாலும் மார்க் ஏறாது.

இந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிப்பது. முதல் தேர்வின் எழுத்து முடிவு வரும் மே மாதத்தை ஒட்டியே இரண்டாம் தேர்வுக்கான அறிவிப்பும் வரும். 'இதுதான் கிடைச்சிருமே, எதுக்கு இன்னொண்ணு?' என்று விட்டவர்கள் டிசம்பரில் கை பிசைவார்கள். கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. வயது வரம்பு 16½ முதல் 19½ வரை என்பதால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வாய்ப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைக்கூட வீணாக்க முடியாது.

முடிவு வந்து தேர்ச்சி பெற்றிருந்தால், இரண்டு வாரத்துக்குள் ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே கொடுக்கும் மின்னஞ்சல்தான் இனி உங்கள் முகவரி. அக்கா பெயரிலோ, ஊர் கம்ப்யூட்டர் சென்டர்காரர் திறந்து கொடுத்த பெயரிலோ இருக்கும் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். குப்பை மின்னஞ்சல் பெட்டியையும் வாரம் இருமுறை திறந்து பாருங்கள்.

எஸ்.எஸ்.பி. தேதிக்குக் காத்திருக்கும்போது: முதலில் டாக்டர்

எல்லோரும் இந்த மாதங்களில் கோச்சிங்குக்கு ஓடுகிறார்கள். குழு விவாதம், படம் பார்த்துக் கதை எழுதுவது என்று பயிற்சி எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைவிட அவசரமான வேலை உடம்பைச் சோதித்துக்கொள்வது. எஸ்.எஸ்.பி.யில் ரெக்கமெண்டட் (தேறியதாகப் பரிந்துரை) ஆனவுடன் அப்படியே ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்த்தான் காதில் அழுக்கு இருப்பது தெரிய வேண்டும் என்பதில்லை.

தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி.யின் அறிவிப்பே முன்கூட்டிச் சரிசெய்துகொள்ளச் சொல்லும் குறைகளில் முக்கியமானவை: காதழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, ஹைட்ரோசீல் (விரையில் நீர் கோர்ப்பது), வேரிகோசீல் (விரை நரம்புப் புடைப்பு), மூலம், டான்சில் வீக்கம், ஆண்களுக்கு மார்பு பெருத்திருப்பது, எடை கூடுதல் அல்லது குறைவு, மார்பளவு போதாமை. பல்லுக்கும் புள்ளிக் கணக்கு உண்டு, குறைந்தது 14 வேண்டும். சொத்தையை அடைக்காமல் விட்டால் புள்ளி குறையும். இவற்றில் பாதிக்கு மேல் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். ஈ.என்.டி., கண், பல், அறுவை சிகிச்சை என்று நாலு ஓ.பி. சீட்டு, இரண்டு நாள் அலைச்சல். "ராணுவ மெடிக்கலுக்குப் போறேன், முழுசாப் பாருங்க டாக்டர்" என்று சொல்லிக் காட்டுங்கள். சாதாரண நோயாளிக்குத் தேவையில்லை என்று டாக்டர் விட்டுவிடும் சின்ன மூக்கு வளைவுகூட இங்கே கணக்கில் வரும்.

காதழுக்கை எடுக்கிறேன் என்று பட்ஸ் குச்சியைப் போட்டுக் குடையாதீர்கள். அழுக்கு உள்ளே தள்ளப்பட்டுச் செவிப்பறையோடு ஒட்டும். மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பு டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்கி ஊறவிட்டு, அவரிடமே எடுத்துக்கொள்வது சரி. முந்தைய நாள் எடுத்தால் காது சிவந்திருக்கும், அதையும் எழுதிவிடுவார்கள்.

எடை விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 25க்குள் இருந்தால் போதும் என்று ஜிம்மில் சொல்வார்கள். அறிவிப்பில் உள்ள அட்டவணை வயதுக்கு ஏற்ப மாறும். 17 முதல் 20 வயதுக்கு அது இன்னும் இறுக்கம். உயரம் 170 செ.மீ. என்றால் 52 கிலோவுக்குக் குறையவும் கூடாது, 63.6 கிலோவைத் தாண்டவும் கூடாது. உங்கள் உயரத்துக்கு என்ன என்பதை அட்டவணையில் பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், ஒரே தராசில் நிறுங்கள். மெடிக்கலுக்கு முன் மூன்று நாள் பட்டினி கிடந்து இறக்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். இறங்கினாலும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெண்பிள்ளைகள் ஹீமோகுளோபினை இப்போதே பாருங்கள். ரத்தச்சோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய மாதக்கணக்காகும். 2022இல்தான் முதல் பெண்கள் அணி என்.டி.ஏ.வில் சேர்ந்தது, அவர்களில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அதனால் ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள அக்காமார் குறைவு. அறிவிப்பின் பின்னிணைப்பை நீங்களே வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு லேசர் செய்துகொண்டு போகலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். அந்தச் சிகிச்சைக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் விதி, என்.டி.ஏ. வயதில் செய்துகொண்டால் கதவு சாத்தப்படும். பச்சை குத்துவதும் அப்படித்தான். முழங்கைக்குக் கீழே கையின் உட்புறத்திலும் புறங்கையிலும்தான் அனுமதி. திருவிழாக் கடையில் தோளில் குத்திய சின்னத் திரிசூலமும் தகுதியைப் பறிக்கும்.

தேதி வந்ததும் பயணத்தைப் பற்றி ஒன்று. எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். ரெக்கமெண்டட் ஆனால் மெடிக்கலுக்கு மேலும் சில நாள் அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே பத்து நாளுக்குத் துணி எடுங்கள். ஆறாம் நாளுக்குத் திரும்பி வர டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். மையமாகப் பெங்களூரு கிடைத்தால் பக்கம். போபால் விழுந்தால் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ் பாலக்காட்டிலும் கோவையிலும் நின்று போபால் வழியாகத்தான் போகிறது. ஒரே வகை அதிகாரிப் பணி நுழைவுக்கு (கமிஷனுக்கு) முதல்முறை போகிறவர்களுக்கு மூன்றடுக்கு ஏ.சி. கட்டணம் போகவர இரண்டுக்கும் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டின் பிரின்ட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பவர்களுக்குத்தான்.

எல்லைக்காரர்களின் தனித் தலைவலி: பெயரும் சான்றிதழும்

வீடு கேரளத்தில், பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில். அல்லது பத்தாவது பாலக்காட்டுச் சித்தூரில், பன்னிரண்டாவது பொள்ளாச்சியில். இங்கே இது சர்வசாதாரணம். சிக்கல் பெயரில் வரும். ஒரு சான்றிதழில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், 'ழ'வுக்கு ஒன்றில் 'இசட்', இன்னொன்றில் 'எல்'. நமக்கு எல்லாம் ஒரே ஆள். டெல்லியில் இருக்கும் எழுத்தருக்கு அது மூன்று ஆள்.

சரிசெய்யும் வரிசை இது:

1. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வையுங்கள். பிறந்த தேதிக்கு அதுதான் செல்லும். பெயரும் அதில் உள்ளபடியே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

2. ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்ற முடியும், எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள்.

3. மீதமுள்ள வித்தியாசங்களுக்கு, கேரளப் பக்கம் குடியிருப்பவர்கள் வில்லேஜ் ஆபீசரிடம் 'இருவரும் ஒருவரே' என்ற சான்றிதழ் வாங்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் நோட்டரி முன் அஃபிடவிட் போடுவதே நடைமுறை. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வாழ்ந்தவர்கள் இரண்டையும் வைத்திருந்தால் குறைந்துபோகாது.

4. பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்களை டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளுங்கள். இரு மாநிலச் சான்றிதழ்களும் அதில் கிடைக்கின்றன. அசலுக்கு அது மாற்று ஆகாது. ஆனால் அசல் வேறு இடத்தில் மாட்டியிருக்கும்போது பேச்சுக்கு ஒரு பிடி.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்குவது, அங்கே செல்லுமா இங்கே செல்லுமா என்று எல்லைக் குடும்பங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் தேயும் செருப்புக்கு இங்கே வேலையில்லை. என்.டி.ஏ. சேர்க்கையில் சாதி இட ஒதுக்கீடு கிடையாது. எஸ்.சி., எஸ்.டி. கட்டண விலக்குக்கு மட்டும்தான் அது பேசும்.

கல்லூரியில் சேர்வதா, வேண்டாமா?

சேருங்கள். இதில் இரண்டாம் பேச்சே வேண்டாம். முதல் தேர்வு எழுதியவர்களுக்கு அக்டோபர் வரை பட்டியல் வராது. அதற்குள் கல்லூரி அட்மிஷன் எல்லாம் முடிந்துவிடும். பட்டியல் கைவிட்டால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எந்தக் கல்லூரி என்பதில்தான் யோசனை தேவை. ஜனவரியில் போய்விடக்கூடிய பிள்ளைக்கு நன்கொடை கட்டி இன்ஜினியரிங் சீட் வாங்குவது கையிலிருக்கும் பணத்தை ஆற்றில் போடுவது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு யூ.ஜி.சி. 2018இல் வகுத்த கணக்குப்படி, அட்மிஷனுக்கான கடைசி நாள் தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒரு பைசாகூடத் திரும்பாது. நீங்கள் விலகப்போவதோ டிசம்பர் கடைசியில். எனவே சித்தூர் அரசுக் கல்லூரி, பாலக்காடு விக்டோரியா கல்லூரி, கோவை அல்லது உடுமலை அரசு கலைக் கல்லூரி போலக் கட்டணம் குறைந்த இடமே உத்தமம். என்.சி.சி. உள்ள கல்லூரியாகப் பாருங்கள். பட்டியல் தவறினாலும் 'சி' சான்றிதழ் பின்னால் வேறொரு வாசலைத் திறக்கும்.

இரண்டாம் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஏப்ரலில் பட்டியல் தெரிந்துவிட்டால் ஜூனில் முடிவு செய்துகொள்ளலாம்.

சேரும்போது அலுவலகத்தில் அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யூ.ஜி.சி. விதி. நடைமுறையில் அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். முதல்வருக்கு ஒரு கடிதமும் கொடுத்து வையுங்கள்: "ஐயா, ராணுவ அகாடமித் தேர்வில் இருக்கிறேன், அழைப்பு வந்தால் அசல் சான்றிதழ்கள் தேவைப்படும்." எஸ்.எஸ்.பி. கடிதம் வந்த பிறகு ஓடினால் அன்று கிளார்க் லீவில் இருப்பார்.

மெடிக்கலில் 'டெம்பரரி' என்று எழுதிவிட்டால்

முதல் மருத்துவக் குழு சொல்வது மூன்றில் ஒன்று: தகுதி, தற்காலிகத் தகுதியின்மை, நிரந்தரத் தகுதியின்மை. இரண்டாவதும் மூன்றாவதும் முடிவான பதில் இல்லை. மேல்முறையீட்டுக் குழு உண்டு. அதற்கான கெடு 42 நாள்.

இந்த 42 நாள்தான் முழுக் காத்திருப்பிலும் மிக வேகமாக ஓடுவது. பிள்ளைகள் செய்யும் தப்பு என்னவென்றால், முதல் ஒரு வாரத்தைத் துக்கத்தில் கழித்துவிட்டு, இரண்டாம் வாரம் சொந்தக்காரர் சொன்ன டாக்டரைத் தேடி, மூன்றாம் வாரம் ஸ்கேன் எடுத்து, ஐந்தாம் வாரம் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, புண் ஆறாமலே போய் நிற்பது.

சரியான முறை இதுதான். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே மூன்று விஷயங்களைத் தாளில் வாங்குங்கள்: குறையின் சரியான மருத்துவப் பெயர், எந்த மருத்துவமனையில் மறுபரிசோதனை, மேல்முறையீட்டுக்கு எவ்வளவு கட்டணம் எங்கே கட்டுவது. அந்தக் கட்டணம் கட்டியதற்கான எம்.ஆர்.ஓ. ரசீதின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பிய மறுநாளே அந்தத் துறை நிபுணரைப் பாருங்கள். எடை, காதழுக்கு, பல் ஆகியவை 42 நாளுக்குள் கட்டாயம் தீரும். எடையை வாரத்துக்கு அரை கிலோ, முக்கால் கிலோ என்று இறக்கலாம். மூன்று கிலோ வரை கூடுதல் இருந்தால் அவசரப்படாமலே முடிந்துவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படும் குறை என்றால் முதல் வாரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஆற எத்தனை நாள் ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள். கணக்கு இடிக்கிறது என்றால் இந்த முறை விட்டுவிட்டு, அடுத்த எஸ்.எஸ்.பி.க்கு முன்னால் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

தனியார் மருத்துவமனையில் 'நல்லாத்தான் இருக்கார்' என்று சர்டிஃபிகேட் வாங்கிப் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர்களே திரும்பச் சோதித்துத்தான் சொல்வார்கள். உங்கள் பக்கத்து ஸ்கேன், எக்ஸ்ரே கையில் இருந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்ட உதவும், அவ்வளவே. மேல்முறையீட்டிலும் தகுதியில்லை என்றால் மறுஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒரு நாள்தான் அவகாசம். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது.

மெரிட் லிஸ்ட்: பெயர் இருந்தாலும் ஏன் பொறுக்க வேண்டும்?

எஸ்.எஸ்.பி.க்கும் 900 மதிப்பெண். எழுத்தும் சேர்த்து 1800க்குத்தான் பட்டியல். அண்மை ஆண்டுகளில் கடைசி ஆள் வாங்கியது 650 முதல் 680 வரை. ரெக்கமெண்டட் ஆகியும் எழுத்துத் தேர்வில் மார்க் குறைந்ததால் வெளியே நிற்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. 'மெரிட் அவுட்' என்று சொல்வது இதைத்தான். எஸ்.எஸ்.பி.யில் ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்குச் சாக்லேட் கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டால்? அதுவும் சேர்க்கை இல்லை. 2024 இரண்டாம் தேர்வுக்கு இடங்கள் 404. பட்டியலில் வந்தவர்கள் 792 பேர். மருத்துவ முடிவைக் கணக்கில் எடுக்காமல்தான் அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அதிலிருந்து மெடிக்கலில் நிற்காதவர்களைக் கழித்து, தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையைப் பார்த்து, வரிசை எண் படி மேலிருந்து அழைப்பார்கள். 100க்குள் இருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். 350, 400 என்று இருப்பவருக்குக் கடைசி வாரம் வரை இழுக்கும். மேலே இருப்பவர் ஐ.ஐ.டி.யோ மருத்துவமோ கிடைத்து விலகினால் கீழே ஓரிடம் நகரும். 600ஐத் தாண்டியவர்கள் அடுத்த தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தக் கூடாது.

பட்டியல் வந்த 15 நாளுக்குள் மதிப்பெண்கள் வெளியாகும். எழுத்தில் எவ்வளவு, எஸ்.எஸ்.பி.யில் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். வெளியே நின்றவர்களுக்கு இந்தத் தாளைவிட நல்ல ஆசிரியர் இல்லை. எழுத்து 300ஐ ஒட்டி, எஸ்.எஸ்.பி. நன்றாக இருந்தால் கணக்கில் உட்காருங்கள். மறுபடி குழு விவாதக் கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பட்டியல் வந்தவுடன் செய்ய வேண்டிய இன்னொன்று: பிறந்த தேதி, கல்விச் சான்றுகளை ராணுவத் தலைமையகத்தின் ஆள்சேர்ப்பு இயக்ககத்துக்கு நேராகச் சேர்க்க வேண்டும். யூ.பி.எஸ்.சி.க்கு அனுப்பினால் சேராது. அதுவரை உங்கள் பெயர் தற்காலிகம்தான். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, எண்ணைப் போட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். முகவரி மாறியிருந்தால் அங்கேதான் தெரிவிக்க வேண்டும். எல்லையோரம் ஒரே பெயரில் இரண்டு பக்கமும் குடியிருப்பு இருக்கும். மாவட்டம், மாநிலம், பின்கோடு மூன்றையும் எழுதாவிட்டால் கடிதம் ஒரு வாரம் வாளையாறுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அலையும்.

உடம்பை எப்படி வைத்திருப்பது?

வரும்போது இந்த அளவுக்குத் தயாராக இருங்கள் என்று அறிவிப்பு சொல்வது: 2.4 கி.மீ. ஓட்டம் 15 நிமிடத்தில், தண்டால் 20, சிட்-அப் 20, சின்-அப் 8, கயிறேற்றம் 3 முதல் 4 மீட்டர், அதோடு ஸ்கிப்பிங். கேட்க எளிதாக இருக்கும். சின்-அப்பில்தான் பலரும் தொங்கிவிடுவார்கள். ஒன்றுகூட வராதவர், ஸ்டூலில் ஏறித் தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணி மெதுவாக இறங்கிப் பழகுங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐந்து ஐந்தாக மூன்று சுற்று. ஆறு வாரத்தில் இரண்டு மூன்று தானாக வரும்.

ஓட்டத்துக்கு வாரம் நான்கு நாள் போதும். இரண்டு நாள் 3 கி.மீ. மிதவேகம், ஒரு நாள் 400 மீட்டரை ஆறு முறை வேகமாக, ஒரு நாள் 5 கி.மீ. மெதுவாக. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். தார் ரோட்டைவிட வாய்க்கால் கரையின் மண்பாதை காலுக்கு நல்லது. பொள்ளாச்சி, சித்தூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய் வெயில் காலை எட்டுக்கே சுடும். ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். ஜூனில் காற்றும் சாரலும் தொடங்கினால் கரை வழுக்கும், அப்போது பள்ளி மைதானத்துக்கு மாறுங்கள்.

லிஸ்ட் வந்த மகிழ்ச்சியில் திடீரென்று தினம் பத்து கி.மீ. ஓடுவதுதான் ஆபத்து. முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பில் வலி வரும். கட்டைவிரலால் எலும்பை நீவிப் பாருங்கள். நீளமாகப் பரவலாக வலித்தால் பத்து நாள் ஓட்டத்தை நிறுத்திச் சைக்கிள் மிதியுங்கள். ஒரே புள்ளியில், காசு அளவு இடத்தில் தொட்டாலே துள்ளினால் எலும்பில் கீறல் இருக்கலாம். உடனே எலும்பு டாக்டர். அது ஆற ஆறு முதல் எட்டு வாரம். ஜாயினிங் தேதிக்கு முன் அந்த எட்டு வாரம் உங்களிடம் இருக்காது. இந்த மாதங்களில் பைக் வேண்டாம், கபடிப் போட்டியில் ஊருக்காக ஒரு ஆட்டம் என்பதும் வேண்டாம்.

வீடும் ஊரும்

தினமும் ஒரே கேள்வி கேட்கும் சொந்தங்களை நிறுத்த முடியாது. தேதி சொல்லி வாயை அடைக்கலாம். "என்ன கண்ணு, ஆர்டர் வந்துருச்சா?" என்றால், "இல்லீங்க அத்தை, அக்டோபர் கடைசிலதான் லிஸ்ட்டே போடுவாங்க, வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் போன் போடுவேன்." தெரியவில்லை என்று சொன்னால் அடுத்த வாரமும் கேட்பார்கள். மாதத்தைச் சொன்னால் அந்த மாதம் வரை விட்டுவிடுவார்கள். அப்பா அம்மாவுக்கு நாலு துண்டுக் காலண்டரைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல ஒன்று வேண்டும்.

யூ.பி.எஸ்.சி. இணையதளத்தை எஸ்.எஸ்.பி. சுற்று முழுக்க முடிந்த பிறகு நாளைக்கு ஒருமுறை, மாலையில் பாருங்கள். அதற்கு முன் பார்ப்பதில் பயனே இல்லை. "நாளைக்கு லிஸ்ட் கன்ஃபார்ம்" என்று டெலிகிராம் குரூப்பில் வாரம் ஒருமுறை வரும். அந்தக் குரூப்புகளின் பிழைப்பே அதுதான். ஒலியடக்கி வையுங்கள்.

"மெடிக்கல்ல பாத்துக்கலாம், மெரிட்ல பேர் ஏத்திரலாம், செலவாகும்" என்று வருபவர் எவ்வளவு பெரிய அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் மோசடிக்காரர். மதிப்பெண் போடும் வரிசையில் பணம் நுழைய இடமில்லை. லிஸ்ட்டில் இயல்பாகவே வந்துவிட்ட பிள்ளையிடம் 'நான்தான் செய்தேன்' என்று வசூலிப்பதும், வராதவரிடம் 'அடுத்த முறை' என்பதும்தான் இவர்களின் தொழில். வெள்ளைத் தாளில் சிங்க முத்திரை போட்டு வரும் கடிதத்தை, அரசு இணையதளத்தில் உங்கள் பெயரைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதை 'டென்ஷன்' என்று ஒதுக்க வேண்டாம். டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்த நேரமும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பேசியதால் தேர்வுக்கு ஒரு பாதகமும் வராது.

லிஸ்ட் கைவிட்டால் வயது இருக்கும்வரை மறுபடி எழுதலாம். இயற்பியல், வேதியியல், கணக்கு படித்தவர்கள் ஜே.இ.இ. மெயினும் எழுதியிருந்தால் தரைப்படையின் டி.இ.எஸ். (பன்னிரண்டாவதுக்குப் பின் தொழில்நுட்ப நுழைவு), கடற்படையின் பி.டெக். நுழைவு இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டம் முடித்தபின் சி.டி.எஸ். எனும் ராணுவ அதிகாரித் தேர்வு எழுதிச் சென்னைப் பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. எனும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகும் வழியும் இருக்கிறது.

லெட்டர் வந்த வாரம்

பயிற்சி தொடங்கும் தேதி முன்பே தெரிந்ததுதான். ரயிலில் 60 நாள் முன்பே பதிவு திறக்கும். லெட்டருக்குக் காத்திராமல் டிக்கெட் போட்டு வையுங்கள், போக முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்யலாம், பிடித்தம் சொற்பம். கடைசி வாரம் தத்கலை நம்பினால் பண்டிகை நெரிசலில் நிற்கத்தான் வேண்டும். கன்னியாகுமரி–புனே எக்ஸ்பிரஸ் பாலக்காடு வழியாகப் போகிறது. கோவையிலிருந்து கிளம்பும் குர்லா எக்ஸ்பிரஸும் புனேயில் நிற்கும். கடற்படை அகாடமி கிடைத்தவர்களுக்கு எழிமலை. மங்களூர் மெயிலில் ஏறிப் பையனூரில் இறங்க வேண்டும்.

ஜாயினிங் அறிவுரைகளை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். கைச்செலவு, உடுப்பு, காப்பீடு என்று முதலில் கட்ட வேண்டிய தொகை பல ஆயிரம் வரும். கைச்செலவு மட்டுமே மாதம் 3000 வீதம் ஐந்து மாதத்துக்கு 15,000. மற்றபடி பயிற்சிச் செலவு அரசுடையது. பெற்றோர் கையெழுத்திடும் பாண்டில், பிள்ளை தன் விருப்பத்தால் பாதியில் விலகினால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லிப் புரியவையுங்கள். கல்லூரியிலிருந்து டி.சி.யையும் அசல் மார்க் ஷீட்டையும் அதே வாரம் வாங்கிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நகல், இருபது பாஸ்போர்ட் போட்டோ, கேட்டிருக்கும் படிவங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் போகட்டும். ஃபைல் கைப்பையில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வேண்டாம்.